எஸ்எஸ்எல்சிக்குப் பின் சில வாரங்கள்: பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளும் கணினித் துறையும்

கர்நாடகத்தில் எஸ்எஸ்எல்சி தேர்வு முடிவு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. அதற்கடுத்த சில வாரங்களுக்குள், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான பியூசியில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதைப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். பிற்காலத்தில் மென்பொருள் துறைக்குள் எந்த வழியாக நுழையலாம், எந்த வழி அடைபட்டுப் போகும் என்பது பெருமளவுக்கு அந்த முடிவிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அல்சூரிலும் மர்பி டவுனிலும் லிங்கராஜபுரத்திலும் ஸ்ரீராம்புரத்திலும் உள்ள எளிய தமிழ்க் குடும்பங்களில், எதிர்வீட்டு அண்ணன் என்ன எடுத்தான், கூடப் படிக்கும் தோழி எங்கே சேர்கிறாள், எந்தக் கல்லூரி ஒரே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்பவற்றை வைத்தே அது எடுக்கப்பட்டுவிடுகிறது. மாணவர்களைத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு ஊக்குவிக்க வேண்டும் என்று பள்ளி ஆண்டு விழாக்களிலும் சங்கக் கூட்டங்களிலும் நிறையவே பேசுகிறோம். சில ஆண்டுகளாக அல்சூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் கணினி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பிள்ளைகளுக்கு ஆசையை ஊட்ட வேண்டிய தேவையே இல்லை; அது அவர்களிடம் தாராளமாக இருக்கிறது. எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பதை, மூடுவதற்கு முன்பே வீடு தேடி வந்து சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

இந்தக் குறை ஏன் இப்படித் தங்கிவிட்டது என்று புரிய, இந்த ஊரில் தமிழர்கள் தொழிலுக்குள் நுழைந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்ட்டைச் சுற்றித் தமிழ்ச் சிப்பாய்களும் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் குடியேறினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது அந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905இல். அன்றைய புதுத் தொழில்நுட்பம் நம் ஆட்கள் வேலை செய்த இடத்துக்கே முதலில் வந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பின்னி மில்லைத் தொடர்ந்து 1940இல் எச்ஏஎல், 1948இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐடிஐ, 1953இல் எச்எம்டி, 1954இல் பிஇஎல் என்று ஆலைகள் வளர்ந்தபோது, அவற்றில் சேரும் வழி தெருவில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்தாவது தேறி, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, அப்ரன்டிஸாகச் சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை வேலை. அப்பா வேலை செய்த ஆலையின் கேட்டில் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வீட்டுக்கே வந்து சேரும்.

கணினித் துறை இந்தப் பழக்கத்தை உடைத்தது. எலக்ட்ரானிக்ஸ் சிட்டி 1970களின் இறுதியில் மாநில அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. 1985இல் அமெரிக்க சிப் நிறுவனமான டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே தன் வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வந்தது. கணினிகள் ஆண்டை இரண்டு இலக்கத்தில் குறித்ததால் எழுந்த 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கும் வேலை உலகெங்கிலுமிருந்து குவிந்தது. இன்று நாடு முழுவதும் இந்தத் துறையில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இந்தியாவில் நடத்தும் மையங்கள் 1,700ஐத் தாண்டிவிட்டன, அவற்றில் அதிகமானவை இருக்கும் நகரம் பெங்களூருதான். ஆனால் இங்கே சேர வேண்டுமென்றால் பட்டப்படிப்பு வேண்டும், அந்தப் பட்டப்படிப்புக்கு முந்தைய படிகளில் சரியான பாடங்களும் நுழைவுத் தேர்வும் வேண்டும். கேட்டில் நின்று விசாரித்தால் வேலை கிடைக்கிற காலம் போய்விட்டது. இந்தத் துறை வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மில்கள் நலிந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கமும் மூடப்பட்டது. இன்றும் விடியற்காலையில் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் ஏறி, ஒரு தலைமுறையே பெங்களூருக்கு வந்து வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகிறது. அந்தப் பெட்டிகளில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மென்பொருள் பொறியாளர்களும் உண்டு, செக்யூரிட்டிச் சீருடையில் வருபவர்களும் உண்டு. இருவரும் சுரங்கத் தொழிலாளர்களின் ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்களாகக்கூட இருப்பார்கள்.

என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் தொழில்நுட்பப் பூங்காக்களில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார்கள். அப்பாக்கள் கேப் ஓட்டுகிறார்கள் அல்லது உணவகத்தில் சமைக்கிறார்கள். மான்யதாவிலும் வைட்ஃபீல்டிலும் எந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பெனி என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம், "சார், எங்கம்மா சொல்றாங்க, அவங்க எல்லாரும் காலையில இருந்து டப்டப்னு தட்டிக்கிட்டே இருக்காங்களாம். அப்படி என்னதான் தட்டறாங்க?" என்று கேட்டான். மிக நியாயமான கேள்வி. ஊக்குவிப்பு என்பதை இதற்கு நேர்மையான பதில் சொல்வதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மெட்ரோ அட்டையில் பணம் போடுகிறோம். பணம் வங்கியிலிருந்து போய்விட்டது, அட்டையில் ஏறவில்லை. இந்தத் தவறு எங்கே நேர்ந்தது என்று தேடுவது ஒருவர் வேலை. அது மறுபடி நேராதபடி நிரலைத் திருத்துவது இன்னொருவர் வேலை. திருத்தியது சரியா என்று நூறு விதமாகப் போட்டுப் பார்ப்பது டெஸ்டிங். கண் சரியாகத் தெரியாத ஒருவருக்கும் திரை புரியும்படி வரைவது டிசைன். ஒரே நேரத்தில் லட்சம் பேர் பயன்படுத்தினாலும் கணினிகள் நின்றுவிடாமல் பார்ப்பதும், திருடர்கள் உள்ளே புகாமல் காப்பதும் வேறு வேறு பிரிவுகள். இப்படிச் சொன்ன பிறகு அந்தப் பையன், "அப்போ தப்பு கண்டுபிடிக்கறதுக்குக்கூட சம்பளமா?" என்றான். அவனுக்குள் ஒரு வேலை உருவம் பெற்றுவிட்டது.

இனி கதவுகளுக்கு வருவோம். முதல் கதவு கணக்கு. பியூசியில் அறிவியல் பிரிவு எடுத்து, இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு கணினி அறிவியலும் சேர்ந்த பிசிஎம்சி, அல்லது உயிரியல் சேர்ந்த பிசிஎம்பி படித்தால் பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வான சிஇடியை எழுதலாம். பொறியியல் தரவரிசைக்கு, சிஇடி மதிப்பெண்ணையும் இரண்டாம் பியூசியில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்று பாடங்களில் எடுத்த மதிப்பெண்ணையும் சரிபாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகையால் சிஇடிக்கு மட்டும் படித்துவிட்டுப் பியூசித் தேர்வை அலட்சியம் செய்வது பெரும் இழப்பு. வணிகவியல் பிரிவில் கணினி அறிவியல் சேர்ந்த செபா எடுத்தவர்கள் பிசிஏ படித்து, பிறகு எம்சிஏ போகலாம். இதுவும் நல்ல வழியே. கணக்கும் கணினியும் இல்லாத பாடப்பிரிவில் சேர்ந்துவிட்டால், பல கல்லூரிகளில் பிசிஏவுக்கே தயங்குவார்கள். "இவளுக்குக் கணக்கு வராது" என்று எட்டாம் வகுப்பில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அந்தப் பெண் பிள்ளைக்கு இத்தனை வழிகளையும் அடைத்துவிடுகிறது. உண்மையில் அன்றாட மென்பொருள் வேலையில் பெரும்பகுதிக்கு வேண்டியது பள்ளிக்கூடக் கணக்கும் ஒழுங்காக யோசிக்கும் பழக்கமும்தான். நுண்கணிதம் சில பிரிவுகளில் மட்டுமே தினமும் தேவைப்படுகிறது. ஆனால் உள்ளே நுழைய அந்தப் பாடம் கேட்கப்படுகிறது. ஆகவே, பிடிக்காவிட்டாலும் இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு கணக்கைப் படித்துவிடு என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லி, அதற்கு டியூஷனும் ஏற்பாடு செய்வதுதான் நாம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி என்பது என் உறுதியான கருத்து.

எஸ்எஸ்எல்சிக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பது இன்னொரு வழி. முடித்தவர்கள் டிசிஇடி என்னும் நுழைவுத் தேர்வை எழுதிப் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். டிப்ளமோவோடு நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும் என்பதால், வருமானம் நிலையில்லாத வீடுகளுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது கதவு பணம். அதைவிட, பணம் சம்பந்தப்பட்ட காகிதங்கள். ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், சிஇடி வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவரும் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் சேர்ந்தவரும் கட்டும் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்ட மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லாத எஸ்என்கியூ என்ற கூடுதல் இடங்களும் உண்டு. இதைக் கேட்டவுடன் பெற்றோர் முகத்தில் தெரியும் வியப்பைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். வருமானச் சான்றிதழ் வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், கர்நாடகத்தில் படித்ததற்கான சான்றிதழ் வேண்டும். அரசு ஒதுக்கீட்டுக்கு, குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் இந்த மாநிலத்தில் படித்திருப்பதே பொதுவாகக் கணக்கில் வரும் தகுதி. வேறு சில பிரிவுகளும் விதியில் உள்ளன. இங்கேதான் நம் குடும்பங்கள் அறியாமல் தவறிவிடுகின்றன. அப்பாவும் அம்மாவும் இங்கே வேலையில் இருக்க, பிள்ளையைத் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைத்து, பியூசிக்குப் பெங்களூருக்கு அழைத்து வருகிறார்கள். வருடக் கணக்கு குறைந்துபோகிறது. சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதி என்பதாலேயே இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. தலைமுறைகளாக இங்கே இருப்பவர்கள் அதற்குரிய ஆதாரங்களைச் சேர்த்து வைத்திருந்தால் சிரமமில்லை. அண்மையில் வந்தவர்கள் தடுமாறுகிறார்கள். தாலுகா ஆபீஸுக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

பொறியியல் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு எந்தப் பிரிவில் தேறியவரும் விண்ணப்பித்து, நான்கு வாரப் பாடத்தை முடித்து ஒரு தகுதித் தேர்வு எழுதலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கலைப் பிரிவு எடுத்துவிட்டு வருந்தும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், கூடவே ஒரு எச்சரிக்கையோடு: வகுப்பறையில் உட்கார வைக்க யாரும் இல்லாத படிப்பு இது, வாரந்தோறும் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பிசிஏ, பிஎஸ்சி முடித்தவர்களை விப்ரோ தன் திட்டத்தில் வேலைக்கு எடுத்து, வேலை செய்துகொண்டே எம்டெக் படிக்க வைக்கிறது. கணிதத்தோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ திட்டமும் இருக்கிறது. இத்தகைய திட்டங்களில் ஒப்பந்தக் காலம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது தடை ஆங்கிலம், அல்லது ஆங்கிலத்தைப் பற்றிய பயம். போன மழைக்காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுத முயன்றாள். இரண்டே வரி நிரல். ஓட்டியதும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. அவள் அதைப் படிக்காமலே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, "எனக்கு வராது சார்" என்றாள். அந்தச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். முதல் வரியின் முடிவில் ஒரு முக்காற்புள்ளியை எதிர்பார்த்தேன் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அவள் அந்த இரண்டு புள்ளிகளை வைத்தாள். திரையில் வாய்ப்பாடு இறங்கியது. அடுத்த நிமிடமே வாய்ப்பாட்டின் எல்லையான பத்தை ஆயிரமாக மாற்றி, ஏழாயிரம்வரை ஓடவிட்டு, பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிழைச் செய்தியைப் பயப்படாமல் படிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. அதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் நூறு இருநூறுக்குள் அடங்கிவிடும். பைத்தானில் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழியின் கட்டளைகளே தமிழில் இருக்கின்றன. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகள் பலவும் தமிழில் கிடைக்கின்றன. இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் அச்சுத் தமிழைக் கணினி படிப்பதற்கும் தமிழைக் கணினி பேசுவதற்குமான மென்பொருள்களை உருவாக்கியிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்காணலில் பேசும் ஆங்கிலம் வேறு. அதைப் பேசித்தான் பழக வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் உருதும் தெலுங்கும் என்று நான்கு மொழிகளைச் சமாளிக்கும் இந்தப் பிள்ளைகள் ஐந்தாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

வீட்டில் கைபேசி இருக்கிறது, கணினி இல்லை. விரலால் தள்ளிப் பழகிய பிள்ளைக்கு, கோப்பை எங்கே சேமித்தோம் என்பதே புரிவதில்லை. பழைய கணினிகளும், யாரும் தாராளமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளும் போதும் என்பதற்கு, பன்னேர்கட்டா சாலைக்கு அருகே குரப்பனபாளையம் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் நடத்திய அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரையக் கற்றார்கள்.

இப்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். ஆட்குறைப்புச் செய்திகள் வருகின்றன. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, ஏறக்குறைய 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளம் பல ஆண்டுகளாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. எளிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுகிறது. சொன்னதைத் திருப்பிச் செய்யும் வேலைகள் குறையும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை, அரசு அலுவலகம் என்று கணினி புகாத இடம் இல்லை. அங்கே என்ன தேவை என்று கேட்டறிந்து, இயந்திரம் எழுதிக் கொடுத்தது சரியா என்று சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும். அந்தத் திறமைக்கு அடிப்படை பலமாக இருக்க வேண்டும் என்பதால், குறுக்குவழி முன்னைவிட ஆபத்தானது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மூன்று மாதப் பயிற்சி, முடித்ததும் வேலை நிச்சயம் என்ற பேச்சை நம்பி, நகையை அடகு வைத்து ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டியது. பையனுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும், இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதிய ஒரு விண்ணப்பமும். அதை அனுப்ப மாட்டேன் என்று மறுத்த அந்தப் பையனை நான் மிகவும் மதிக்கிறேன். வேலைக்காக முன்பணம் கேட்கும் இடத்துக்குப் போகவே கூடாது.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015இல் கூகுளின் தலைமைச் செயல் அலுவலர் ஆனபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனாலும் வகுப்பில் அவர் படத்தைக் காட்டும்போது வராத கேள்விகள், இரண்டு தெரு தள்ளி வசிக்கும், டெஸ்டிங் வேலையில் இருக்கும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தபோது சரம் சரமாக வந்தன. பிசிஏ எங்கே படித்தாய், எத்தனை முறை நேர்காணலில் தோற்றாய், இரவு ஷிப்ட் உண்டா, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய் என்று கேட்டார்கள். ஏழாவது முறையில்தான் வேலை கிடைத்தது என்று அவள் சொன்னதும், எல்லோரும் தாளில் ஏழு என்று குறித்துக்கொண்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தை முன்பு ஜூன் மாதத்தில் நடத்திக்கொண்டிருந்தோம். எல்லோரும் சேர்ந்து முடித்த பிறகு நடக்கும் கூட்டம் அது என்பது தாமதமாகவே எங்களுக்கு உறைத்தது. இப்போது பொங்கல் முடிந்த இரண்டாவது ஞாயிறு நடத்துகிறோம். இந்த ஆண்டு வந்திருந்த ஓர் அம்மா, ஹவுஸ்கீப்பிங் சீருடையிலேயே, ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், பிசிஎம்சி இருக்கும் அரசு பியூ கல்லூரிகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு தன் வீட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எந்த பஸ் போகிறது என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு ஓரத்தில் எண்களை எழுதினார். பிறகு, வருமானச் சான்றிதழுக்கு எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டார்.